கார் வேலை பழகப் போகிறீர்களா? தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தக் காரைத் தானே பிரித்து மாட்டிப் பழகும் ஆசை நம்மூரில் பெரும்பாலும் மூன்று வழியில் வருகிறது. வீட்டு ஓரத்தில் நிற்கும் தாத்தா காலத்து அம்பாசடரோ அப்பாவின் மாருதி 800-ஓ முதல் வழி. டிவிஎஸ் 50-இல் தொடங்கி பிளக் துடைத்து, கார்புரேட்டர் கழுவி, கை கறுத்தவர்கள் நாலு சக்கரத்துக்கு வருவது இரண்டாவது. ஹாரன் மாற்றலாம், லைட் மாற்றலாம் என்று பேனட்டைத் திறந்து அப்படியே உள்ளே இறங்கிவிடுபவர்கள் மூன்றாவது வகை.

எந்த வழியில் வந்தாலும், பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். கைத்திறன் போதாமல் விட்டவர்களைவிட, தப்பான இடத்தில் தொடங்கியதால் விட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஓடுகிற வண்டியில் சின்ன வேலையாகத் தொடங்கியவர் தங்கிவிடுகிறார். ஓடாத வண்டியில் பெரிய வேலையாகத் தொடங்கியவர் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்.

ஆகவே முதல் தவறு, பெரிய தவறும்கூட, ஓடாத வண்டியை வாங்குவதுதான். பழைய பிரீமியர் பத்மினி ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது, எஞ்சினை மட்டும் பார்த்தால் போதும் என்பார்கள். எஞ்சின் வேலையைக் கற்றுக்கொள்ளலாம். துருப்பிடித்த அடித்தளத்தை என்ன செய்வது? கால்மிதிக்குக் கீழே, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி, பின் சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது டிங்கர் வேலை. வெல்டிங், பட்டி, பெயின்ட் என்று வண்டி விலையைத் தாண்டிப் போகும். கடற்கரையோர ஊர்களில் நின்ற வண்டி என்றால் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

காகிதத்தையும் இதே கவனத்தோடு பாருங்கள். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருப்பதோடு பொருந்துகிறதா, பழைய கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா, உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் வாரிசுகள் கையெழுத்துப் போடுவார்களா என்பதெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வண்டியைச் சீர்செய்து முடித்தபின் சாலையில் இறக்க முடியாமல் போவதுபோல் மனம் உடைக்கும் விஷயம் இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை.

என்ன வண்டி வாங்கலாம் என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்வது ஓடுகிற நிலையில் உள்ள மாருதி 800. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரி வரை தயாரான வண்டி. 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனால் ஸ்பேர் கிடைக்காத ஊரே இல்லை. 796 சிசி, 3 சிலிண்டர், சின்ன எஞ்சின், பேனட்டைத் திறந்தால் கை போகும் அளவுக்கு இடம். கோவையைச் சேர்ந்த கார் பந்தய வீரர் கரிவரதன் 1980-களின் கடைசியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களில் ஓடியதும் இந்த எஞ்சின்தான். கார்புரேட்டர் வைத்த பழைய மாடல் என்றால் காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றையும் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். கார்புரேட்டருக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. மாடலும் மோசமில்லை, தினசரி ஓட்ட அது வசதி.

வண்டி வந்ததும் எஞ்சினை இறக்க ஆசை வரும். வேண்டாம். ஜி.டி. நாயுடு கோவையில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்து மாட்டிப் பழகிய கதை நமக்கெல்லாம் தெரியும். அதில் பலர் பிரித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். திரும்ப மாட்டுவதும் அதில் பாதி. மாட்டி ஓட்டிப் பார்த்து முடிக்கக்கூடிய வேலையை மட்டுமே எடுங்கள்.

முதல் வேலையாக ஸ்பார்க் பிளக் கழற்றிப் பார்ப்பதைச் சொல்வேன். சாதாரண வேலைதான், ஆனால் இதிலேயே நாலைந்து தவறுகளுக்கு இடமிருக்கிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றக் கூடாது. பிளக் மாட்டியிருக்கும் ஹெட், அதாவது எஞ்சினின் மேல்பகுதி, அலுமினியம், பிளக் இரும்பு. சூட்டில் மல்லுக்கட்டினால் அலுமினியத்தின் மரைதான் போகும். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட வேண்டும், இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். வயரைப் பிடித்து இழுக்காமல் மூடியைப் பிடித்து இழுக்க வேண்டும். மூன்று வயரையும் ஒரே நேரத்தில் கழற்றினால் எது எந்த சிலிண்டர் என்று குழம்பும். இந்த எஞ்சினின் ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை, 1-3-2. வயர் மாறினால் வண்டி உதறும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

வெளியே வந்த பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு நன்றாக இருக்கிறது. மைபோல் உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் எஞ்சின் ஆயில் மேலே ஏறுகிறது. வெளுத்துப் போயிருந்தால் சூடு அதிகம். ஒரு பிளக்கை வைத்து எஞ்சினின் உடல்நிலையில் பாதியைச் சொல்லிவிடலாம், அதனால்தான் இதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

திரும்பப் போடும்போது எடுத்ததும் ஸ்பேனரை வைக்கக் கூடாது. முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். முதல் சுற்றிலேயே இறுகினால் மரை குறுக்கே ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி போடுங்கள். விரலால் கடைசிவரை போனபின் ஸ்பேனர் வைத்து, புது பிளக் என்றால் அரைச் சுற்று, பழைய பிளக் என்றால் இலேசாக ஒரு இழுப்பு போதும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் பலத்தை எல்லாம் போட்டு இறுக்குகிறார்கள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் அடிபோல்ட்டிலும் இதே கதைதான். ஆயில் ஃபில்டரில் இன்னொன்று: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சின் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் முழுக்கத் தரையில் கிடக்கும்.

டூல் விஷயத்தில் நடக்கும் தவறு எளிது. நாற்பது, ஐம்பது உருப்படி உள்ள மலிவுப் பெட்டி ஒன்றை வாங்கி, அதிலிருந்து நாலு ஸ்பேனரை மட்டும் பயன்படுத்துவது. ஜப்பான் வழி வந்த மாருதியில் 10, 12, 14, 17 ஆகிய அளவுகளே பெரும்பாலான வேலைக்குப் போதும். இந்த நான்கிலும் நல்ல ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் வாங்குங்கள். ஃபியட் வழி வந்த பத்மினிக்கு 13 தேவைப்படும். அம்பாசடருக்கு அங்குலக் கணக்கு ஸ்பேனர் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரை அதில் செருகித் திருப்பினால் நட்டின் முனை மழுங்கும். அப்படி மழுங்கிய நட்டுதான் பிறகு உளியும் சுத்தியலும் கேட்கும்.

அடுத்தது ஜாக்கி. இதில் மட்டும் தவறு செய்து கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது. வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். ஹைட்ராலிக் ஜாக்கியும் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கில்லை. உள்ளே ஒரு சீல் விட்டால் சத்தமில்லாமல் இறங்கும். வண்டிக்குக் கீழே தோள் போகிறது என்றால் தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஆக்சில் ஸ்டாண்டு இரண்டு இருந்தாக வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக்கோ செங்கல்லோ அடுக்குவதைப் பல வீட்டு வாசல்களில் பார்க்கிறேன். அவை மெல்லச் சரிந்து எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும். மண் தரையில் ஸ்டாண்டின் கால் புதையும், அடியில் கனமான பலகை போடுங்கள். மாருதி 800-இல் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கால் பயனில்லை, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்க வேண்டும். கீழே போகும் முன் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போது விழட்டும்.

கோடையில் வண்டி சூடாகிறது என்றதும் நடக்கும் ஒரு வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். தெர்மோஸ்டாட்டின் வேலை, எஞ்சின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைப்பது. அது இல்லாத எஞ்சின் சூடேற நேரமாகும். அதுவரை பெட்ரோல் கூடுதலாக எரியும், தேய்மானமும் கூடும். வண்டி சூடானதற்கான உண்மைக் காரணம் அடைத்த ரேடியேட்டராகவோ, ஓடாத ஃபேனாகவோ, தளர்ந்த பெல்ட்டாகவோ, பலமிழந்த ரேடியேட்டர் மூடியாகவோ இருக்கலாம். அது அப்படியே இருக்கும், சில மாதம் கழித்து ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் பேக்கிங்கைத் தின்னும்.

ரேடியேட்டர் அடைவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் ஊற்றும் போர் தண்ணீர். அதிலுள்ள உப்பு உள்ளே படிந்து ஓடாகிவிடும். கூலன்ட்டும் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு தண்ணீரும்தான் ஊற்ற வேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி விலகியதும் அழுத்தம் போய் மொத்தமும் முகத்தில் சீறும். வடித்த கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது விஷம்.

தெர்மோஸ்டாட் கதையின் அடியில் இருப்பது, நோய் எதுவென்று பார்க்காமல் உறுப்பை மாற்றும் பழக்கம். ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பேட்டரி மாற்று, பிறகு செல்ஃப் மோட்டார் மாற்று, கடைசியில் பார்த்தால் எர்த் வயரின் முனை பச்சை பூத்திருக்கும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் இந்தச் செலவெல்லாம் மிச்சம்.

பேட்டரியில் கைவைக்கும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட்டாகிவிடும். மோதிரம், காப்பு, உலோகப் பட்டை வாட்ச் எல்லாம் கழற்றிவைத்துவிட்டு வாருங்கள்.

லைட் வழியாக உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வழக்கமான ஹெட்லைட் பல்ப் 60/55 வாட். ஹை பீமில் இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும். 100 வாட் பல்ப் இரண்டு போட்டால் அது 16 ஆம்பியரைத் தாண்டும். பல பழைய வண்டிகளில் இந்த மின்சாரம் ரிலே (அதிக மின்சாரத்தைத் தாங்கும் இடைநிலை சுவிட்ச்) இல்லாமல், கையால் போடும் சுவிட்ச் வழியாகவே போகிறது. முதலில் சுவிட்ச் உருகும், பிறகு வயர். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போட்டுவிட்டால் தீப்பிடிக்காமல் தடுக்க எதுவும் மிச்சமில்லை. மங்கலான லைட்டுக்குப் பெரும்பாலும் வேண்டியது சுத்தமான எர்த்தும் ரிலே வைத்த வயரிங்கும்தான். வண்டியின் அமைப்பையே மாற்றும் ஆசை இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்ற அனுமதியில்லை என்பதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது.

கழற்றியதைக் குறித்துவைப்பது பற்றி எல்லோரும் சொல்வார்கள், போனில் படமும் எடுப்பார்கள். ஆனால் போல்ட்டுகளின் நீளம் படத்தில் தெரியாது. ஒரே கவரில் இருக்கும் ஆறு போல்ட்டில் இரண்டு நீளமாக இருக்கும். அதைக் குட்டைத் துளையில் போட்டு இறுக்கினால் அலுமினியம் விரியும். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, துளை இருக்கும் இடத்தில் குத்தி, அந்தந்த போல்ட்டை அங்கேயே செருகிவையுங்கள்.

கடைசியாக, மெக்கானிக்கைத் தள்ளிவைப்பது. நானே பழகப் போகிறேன் என்று தொடங்கியதும் பழைய ஷெட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் இப்போதுதான் அதிகம் போக வேண்டும். "அண்ணே, அடுத்த தடவை கிளட்ச் பிரிக்கும்போது சொல்லுங்க, வந்து கூட நிக்கிறேன்" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. நேரத்துக்குப் போங்கள், கேட்டதை எடுத்துக்கொடுங்கள், வாடிக்கையாளர் முன்னால் கேள்வி கேட்காதீர்கள், உங்கள் வண்டிக்கு அவர் பார்த்த வேலைக்குப் பேரம் பேசாமல் காசு கொடுங்கள். நீங்கள் வடித்த பழைய ஆயிலையும் சாக்கடையில் ஊற்றாமல் அங்கே கொடுத்துவிடலாம். அவர்கள் சேர்த்துவைத்து மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் தருவார்கள்.

பிரேக்கை முதன்முறை அவரை வைத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். பின் டிரம்மைக் கழற்றியதும் தூசியை ஊதாதீர்கள், கம்ப்ரஸரும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்தபின் மறுபக்கத்தைத் தொடுங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று மறந்தால் அடுத்த பக்கம் போய்ப் பார்க்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், திறந்து பல நாள் கிடந்த டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள். பிரேக் குழாய்களிலிருந்து காற்றெடுத்து முடித்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் பெடலை மிதித்து முப்பது நொடி அப்படியே பிடியுங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. கெட்டியாக நின்று, பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விடுகிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது.