ஆய்வு கொள்கையாகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசியல் அறிவியல் படித்தவர்கள் எழுதும் கொள்கைப் பரிந்துரைகளில் உழைப்புக்குக் குறைவே இருக்காது. தரவு இருக்கும், வாதம் இருக்கும். ஆனாலும் அவற்றில் நிறைய, கோப்போடு கோப்பாகக் கிடந்துவிடுகின்றன. ஆய்வாளர் கேட்கும் கேள்வி, 'இது ஏன் நடந்தது?' அதிகாரி கேட்கும் கேள்வி, 'இப்போது என்னால் என்ன செய்ய முடியும்?' முதல் கேள்விக்கான விடையையே இரண்டாவதற்கும் நீட்டுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

காரணம் தெரிந்துவிட்டால் தீர்வும் தெரிந்துவிட்டது என்று நினைப்பது மிகவும் சகஜம். கட்சிகளுக்கிடையே நெடுங்காலமாகக் கடும் போட்டி இருக்கும் பகுதிகளில் உள்ளாட்சி நன்றாக நடக்கிறது என்று ஓர் ஆய்வு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். சரி, அது உண்மையாகவே இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு ஒரு துறைச் செயலாளர் அடுத்த நிதியாண்டில் என்ன செய்வார்? பரிந்துரை எழுத உட்காரும் முன், நீங்கள் கண்ட காரணங்களில் எது யாருடைய அதிகாரத்துக்குள் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். யார் கையிலும் இல்லாததைப் பின்னணியாகச் சொல்லலாம். பரிந்துரையாகச் சொல்ல முடியாது.

ஓரிடத்தில் பலித்ததை இன்னோரிடத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போவது இதைவிட ஆபத்தானது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை 79 பள்ளிகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 22 முதல் 25 குழந்தைகள் இருக்கும் வகுப்புகளோடு 13 முதல் 17 பேர் மட்டுமே இருக்கும் வகுப்புகளை ஒப்பிட்டார்கள். யார் எந்த வகுப்பில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். சிறிய வகுப்பில் இருந்த குழந்தைகள் தெளிவாகவே நன்றாகப் படித்தார்கள். ஆய்வு முறையில் பெரிய குறை எதுவும் இல்லை.

1996-இல் கலிபோர்னியா, தொடக்க வகுப்புகளில் 20 பேருக்கு மேல் வேண்டாம் என்று மாநிலம் முழுக்க நிதி ஒதுக்கிக் களத்தில் இறங்கியது. அங்கே பல்லாயிரம் ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் தேவைப்பட்டார்கள். முழுத் தகுதி பெறாதவர்களையும் வேலைக்கு எடுத்தார்கள். அனுபவமுள்ளவர்களில் பலர் வசதியான பகுதிப் பள்ளிகளுக்கு மாறிப் போக, ஏழைக் குழந்தைகளின் பள்ளிகளில் பற்றாக்குறை கூடியது. நூலகமும் இசை அறையும்கூட வகுப்பறைகளாயின. மதிப்பெண் உயர்வுக்கு வகுப்பு சுருங்கியதுதான் காரணமா என்று பிறகு மதிப்பீடு செய்தவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டென்னசியில் போதிய இடமும் ஆசிரியர்களும் உள்ள பள்ளிகள்தாம் சோதனைக்குள் வந்திருந்தன. அந்தத் துணை நிபந்தனைகள் ஆய்வின் தலைப்பில் இருக்காது. தேடித்தான் எடுக்க வேண்டும். 'எங்கே பலித்தது' என்பதோடு 'எது கூட இருந்ததால் பலித்தது' என்றும் கேளுங்கள்.

சட்டம் நிறைவேறியதோடு வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுவது அடுத்த தவறு. 1966-இல் ஓக்லாந்து நகரில் வேலையில்லாதோருக்காக அமெரிக்க மத்திய அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. நிதி இருந்தது, எதிர்ப்பு பெரிதாக இல்லை. ஆனாலும் வேலைவாய்ப்பு சொற்பமே. அதை ஆராய்ந்த அரசியல் அறிவியலாளர்கள் பிரெஸ்மன், வில்டாவ்ஸ்கி இருவரும் வழியில் 70 ஒப்புதல்கள் தேவைப்பட்டதைப் பட்டியலிட்டுக் காட்டினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வோர் ஒப்புதலும் கிடைக்க 99 சதவீத வாய்ப்பு இருந்தாலும், எழுபதும் கிடைக்கும் வாய்ப்பு பாதிக்கும் கீழே. 95 சதவீதம் என்றால் மூன்று சதவீதம்கூட இல்லை. உங்கள் பரிந்துரைக்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எண்ணிப் பார்த்து, குறைக்க முடிந்ததைக் குறைத்து எழுதுங்கள்.

மொழியிலும் நேரத்திலும் நடக்கும் தவறுகளைச் சரிசெய்வது எளிது. 'அதிகாரப் பரவலுக்கும் சேவைத் தரத்துக்கும் இடையே புள்ளியியல் ரீதியாக முக்கியமான நேர்மறைத் தொடர்பு காணப்படுகிறது' என்ற வரியைப் படிக்கும் அதிகாரிக்கு எதுவும் கிடைக்காது. எந்த அதிகாரம், யாருக்கு, கொடுத்தால் எவ்வளவு மாற்றம், எவ்வளவு நிச்சயம் என்று சொல்லுங்கள். அப்புறம், பட்ஜெட் முடிந்த பிறகு போகும் நல்ல அறிக்கையைவிட, முன்பே போகும் இரண்டு பக்கக் குறிப்பு பயன்படும்.

'அரசியல் உறுதி இல்லை' என்று எழுதி முடிப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மற்ற துறையினர் அப்படிச் சொல்லலாம். அரசியலையே படித்தவர்கள் சொல்லக் கூடாது. ஒரு மாற்றத்தால் இழப்பவர்கள் சிலராக இருந்து, ஒவ்வொருவரின் இழப்பும் பெரிதாக இருந்தால், அவர்கள் சீக்கிரம் ஒன்றுசேர்வார்கள். பயனடைபவர்கள் பலராக, ஆளுக்குக் கொஞ்சம் மட்டும் பெறுபவர்களாக இருந்தால், அவர்களைத் திரட்டுவது கடினம். இதைப் பொருளியலாளர் மன்சூர் ஓல்சன் 1965-லேயே விளக்கிவிட்டார். அப்படியானால், இழப்பவர் யார், அவர்களுக்கு என்ன ஈடு தரலாம், எந்தப் பகுதியில் முதலில் தொடங்கினால் ஆதரவாளர்கள் உருவாவார்கள் என்பதெல்லாம் பரிந்துரைக்குள்ளேயே வர வேண்டும்.

ஆய்வு கேட்கும் அதிகாரிகளுக்கும் ஒன்று. முடிவெடுத்த பிறகு அதற்குச் சான்று தேடச் சொல்லாதீர்கள். எந்த மாதிரி முடிவு வந்தால் திட்டத்தை மாற்றத் தயாராக இருக்கிறீர்கள் என்பதை, ஆய்வைத் தொடங்கும் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.