மரத்தளக் குளியலறையில் சூடேறும் மாபிள்: பதிப்பதற்கு முன் செய்யவேண்டியவை

யாழ்ப்பாணத்தில் மாபிள் (டைல்) வேலை பழகியவர்களுக்குத் தரை என்றால் சீமெந்துத் தரைதான். மண்ணை நிரப்பி இறுக்கி, கொங்கிறீற் போட்டு, அதன்மேல் சாந்து பரப்பிப் பதித்துவிட்டால் அது அசைவதில்லை. லண்டன் வீடுகளின் மேல்மாடிக் குளியலறை பெரும்பாலும் மரத் தாங்கிகளின்மேல் அறையப்பட்ட பலகைத் தளமாகவே இருக்கும். அங்கே சில வருடங்கள் இந்த வேலை செய்துவிட்டு இப்போது கொக்குவிலில் இருக்கும் என்னிடம், பெறாமக்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் எல்லாம், அப்படியான பலகைத் தளத்தில் மின்சாரத்தால் சூடேறும் வயரை விரித்து அதன்மேல் மாபிள் பதிப்பதைப் பற்றியே இருப்பதால், ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பலகை மிதித்தால் வளையும், ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். மாபிள் இவற்றில் ஒன்றையும் செய்யாது. வெடிக்க மட்டுமே செய்யும். ஆகவே பலகையின் அசைவைக் குறைப்பதும், மிஞ்சும் அசைவு மாபிளுக்குப் போய்ச் சேராமல் தடுப்பதுமே இங்கு நமது வேலை.

முதலில் பழைய விரிப்பை அகற்றிவிட்டு வெறுந்தளத்தில் நடந்து பாருங்கள். கிறீச்சிடும் இடங்களையும் அமிழும் இடங்களையும் பென்சிலால் குறியுங்கள். கழிப்பறைக் கோப்பையைச் சுற்றியும் குளியல் தொட்டியின் ஓரத்திலும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை இலகுவாக இறங்கினால் அந்தப் பலகை உக்கிவிட்டது என்று பொருள். ஈரத்தில் ஊதிய சிப்போட் (மரச்சில்லுகளை அழுத்திச் செய்த பலகை) காய்ந்தாலும் பழைய பலத்தைப் பெறாது என்பதால், அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும். தண்ணீர் எங்கிருந்து கசிந்தது என்பதைக் கண்டுபிடித்து நிறுத்தாமல் புதுப்பலகை போடுவது வீண் செலவு.

பலகை திறந்திருக்கும்போதே தாங்குமரங்களைப் பாருங்கள். அவை வழக்கமாக ஏறத்தாழ 400 மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கும். இடைவெளி அதிகமாக இருந்தாலோ தளம் துள்ளினாலோ, இரண்டு தாங்குமரங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டைகளை இறுக்கி அறையவேண்டும். தொட்டியில் 150 லீற்றர் தண்ணீர் நிறைந்தால் அதுவே 150 கிலோ. தொட்டியின் எடையும் குளிப்பவரின் எடையும் அதற்கு மேலே. ஆணி அடித்த பலகைகளைத் திருகாணியால் தாங்குமரத்தோடு மீண்டும் இறுக்குங்கள். அதற்கு முன், தண்ணீர்க் குழாயும் மின்வயரும் எவ்வழியே ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெப்பக்காப்புப் பலகை. இது இல்லாமல் சூடேற்றும் வயரை நேரே மரத்தின்மேல் விரித்தால், சூட்டில் ஒரு பங்கு கீழேயுள்ள அறையின் கூரையை நோக்கிப் போய்விடும். தரை சூடேற நேரமும் கூடும், மின்கட்டணமும் கூடும். 6 அல்லது 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள, சீமெந்துப் பூச்சுடைய பலகைகளே பொதுவாகப் பயன்படுகின்றன. நெகிழும் தன்மையுள்ள டைல் பசையைப் பரப்பி அதில் பலகையை அமர்த்தி, அகன்ற வாசருடன் திருகாணி போட்டு இறுக்கவேண்டும். மூட்டுகள் ஒரே கோட்டில் வராதபடி, செங்கல் கட்டுவதுபோல் மாறி மாறி வையுங்கள். அடியிலுள்ள தளப்பலகையின் மூட்டுக்கு நேரே மேல்மூட்டு அமைந்தால் அந்தக் கோட்டிலேயே மாபிளும் வெடிக்கும். சுவரோரத்தில் சில மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, மூட்டுகளில் அதற்குரிய பட்டியை ஒட்டுங்கள். நின்று குளிக்கும் பகுதிக்கு நீர்காப்புப் பூச்சும் அவசியம்.

இந்த இடத்தில் உயரத்தைக் கணக்கிடாமல் போனால் பிறகு கதவு திறக்காது. வெப்பக்காப்புப் பலகை 10, வயரை மூடும் சமப்படுத்தும் கலவை 10, பசை 4, மாபிள் 9 என்றால் மொத்தம் 33 மில்லிமீற்றர். கதவின் அடியைச் சீவுவதா, வாசலில் சரிவுப் பட்டி வைப்பதா என்பதை இப்போதே தீர்மானியுங்கள்.

வயர்ப் பாயை, அதாவது சூடேற்றும் வயர் பிணைத்த வலையை, விரிப்பதற்கு முன் தொட்டி, கோப்பை, நிலையான அலுமாரி ஆகியவற்றின் இடங்களைத் தரையில் வரைந்து, அவற்றைத் தவிர்த்த வெறுமையான பரப்பை மட்டும் அளந்து பாயை வாங்குங்கள். ஒரு சதுர மீற்றருக்கு 150 வாட் என்ற பாய், 3 சதுர மீற்றருக்கு 450 வாட் எடுக்கும். திருப்புவதற்காக வலையை வெட்டலாம்; வயரை ஒருபோதும் வெட்டவோ ஒன்றின்மேல் ஒன்றாகப் போடவோ கூடாது. வெப்ப உணரியைச் சிறு குழாய்க்குள் வைத்து, இரண்டு வயர் ஓட்டங்களுக்கு நடுவே அமைக்கவேண்டும்; குழாய்க்குள் இருந்தால்தான் பழுதானாலும் மாபிளை உடைக்காமல் இழுத்து எடுக்கலாம்.

வயரின் தடையை மல்டிமீட்டரால் மூன்று தடவை அளக்கவேண்டும்: பெட்டியிலிருந்து எடுத்தவுடன், விரித்த பின், கலவையால் மூடிய பின். பெட்டியில் அச்சிட்ட ஓம் அளவோடு ஒவ்வொரு அளவும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். நான் ஒருமுறை பல்லுள்ள சாந்தகப்பையின் விளிம்பால் வயரைக் கீறிவிட்டேன். அளக்காமல் பதித்ததால், இரண்டு நாள் வேலையை முழுவதும் உடைக்க நேர்ந்தது. அதற்குப் பிறகு வயரை நெகிழும் சமப்படுத்தும் கலவையால் முதலில் மூடி, அது காய்ந்த பின்பே பசை பரப்பினேன்.

மின்னிணைப்பைத் தகுதிபெற்ற மின்பணியாளரே செய்யவேண்டும். 30 மில்லி அம்பியர் மின்கசிவுக் காப்பும் இருக்கவேண்டும். பதித்து முடித்ததும் சூட்டைப் போட்டுப் பசையைக் காயவைக்க முயலாதீர்கள். பசையும் இடுக்குச் சாந்தும் தயாரிப்பாளர் குறித்த நாள்வரை தாமாக இறுகியபின், முதல் நாள் குறைந்த சூட்டில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.