குதிரை திடீரென நொண்டினால்: தைலத்தை எடுக்கும் முன் குளம்பைப் பாருங்கள்

முந்தின நாள் மாலை வரை ஒழுங்காக ஓடிய குதிரை விடிந்ததும் காலை ஊன்றாமல் நின்றால், "தோள்பட்டை பிசகிடுச்சு" என்று சொல்ல எப்படியும் ஒருவர் வந்துவிடுவார். அடுத்தது தைலம், நீவல், கட்டு. முதல் தவறு இதுதான். திடீர் நொண்டலுக்குக் காரணம் பெரும்பாலும் குளம்புக்குள் இருக்கும்: சீழ், ஆணிக்குத்து, கல்லில் பட்ட அடி. காலைக் கீழிருந்து மேலாகத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

அதற்கும் முன்னால், எந்தக் கால் என்பதிலேயே பலர் ஏமாறுகிறார்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். தலை தாழும் காலையே நோயுள்ள கால் என்று பிடித்துக்கொண்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். இதை வயல் வரப்பிலோ சேற்றிலோ பார்த்தால் தெரியாது. சமமான சிமெண்டு சாலையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, இருபது முப்பது மீட்டர் நேராக மெல்ல ஓடவிட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலையசைவு மறைந்துபோகும். பின்னங்கால் என்றால், குதிரையின் பின்னாலிருந்து இடுப்பைப் பாருங்கள். நொண்டும் பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். காலைக் கீழே வைக்கவே மாட்டேன் என்கிற குதிரையை மட்டும் இப்படி ஓடவிடாதீர்கள். எலும்பு முறிவாகவும் இருக்கலாம்.

பிறகு குளம்பு. டெல்டாக் களிமண் அடியில் சிமெண்டு போல இறுகிக் கிடக்கும். சுரண்டி, பிரஷ் போட்டுக் கழுவாமல் "ஒண்ணும் இல்லை" என்று சொல்லக் கூடாது. கழுவியபின் கரும்புள்ளி, கீறல், ஈரக்கசிவு இருக்கிறதா என்று தேடுங்கள். குளம்புச் சுவரில் உள்ளங்கையை வைத்து அடுத்த காலோடு சூட்டை ஒப்பிடுங்கள். வெயிலில் நின்ற குதிரைக்கு இது பொய் சொல்லும், நிழலில் நிறுத்திப் பாருங்கள். சூட்டைவிட நம்பத்தக்கது நாடி. குளம்புக்கு மேலுள்ள கணு மூட்டின் பின்புறம், உள்பக்கமும் வெளிப்பக்கமும் விரலை லேசாக வையுங்கள். நல்ல காலில் நாடியைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். விரலைத் தட்டுகிற மாதிரி துடித்தால் குளம்புக்குள் அழற்சி இருக்கிறது. கால் மேலே வீங்கியிருப்பதை வைத்துச் சுளுக்கு என்று முடிவு கட்ட வேண்டாம்; குளம்புச் சீழுக்கும் கால் வீங்கும்.

சமீபத்தில் லாடம் அடித்திருந்தால் முதல் சந்தேகம் லாட ஆணி மேல். சதையில் ஏறிய ஆணி அன்றைக்கே காட்டிக்கொடுக்கும். சதையை ஒட்டி அழுத்தும் ஆணி சில நாள் கழித்துத்தான் வலிக்கும். "அடிச்சு நாலு நாள் ஆச்சே" என்று விட்டுவிடுவது அதனால்தான் தப்பு. ஒவ்வோர் ஆணியாகச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். குதிரை காலை வெடுக்கென இழுக்கும் ஆணியை லாடக்காரரை விட்டுக் கழற்றி, நுனியில் ஈரமோ சீழோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தெருவில் கிடந்த ஆணி அடியில் ஏறியிருந்தால் கதை வேறு. குறிப்பாக நடுவே முக்கோணமாக ரப்பர் போலிருக்கும் மெத்தைப் பகுதியில் குத்தியிருந்தால் உடனே பிடுங்காதீர்கள். அதற்கு மேலேதான் குளம்பின் மூட்டும் தசைநாணும் இருக்கின்றன. ஆணியோடு எக்ஸ்ரே எடுத்தால்தான் எதுவரை போயிருக்கிறது என்று தெரியும். பிடுங்கினால் ஓட்டை மூடிக்கொள்ளும், கிருமி உள்ளேயே தங்கும். ஊன்றினால் இன்னும் உள்ளே போகும் என்கிற நிலையில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் போட்டோ எடுங்கள். இடம், கோணம், ஆழம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் குதிரையைத் தாக்குவது போல வேறெந்தக் கால்நடையையும் தாக்காது. தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தில் நின்று குளம்பின் அடி ஊறிப்போவதால் சீழ் அதிகம். மருத்துவர் வரும்வரை வெதுவெதுப்பான நீரில் பேதி உப்புக் கரைத்து 15 முதல் 20 நிமிடம் குளம்பை ஊறவைத்து, பஞ்சு வைத்துக் கட்டி, மேலே சாக்கால் மூடலாம். கத்தியால் நீங்களே தோண்டாதீர்கள். பெரிய ஓட்டையில் உள்சதை பிதுங்கிவிட்டால் சீழைவிட அது ஆற நாளாகும்.

வலி ஊசி போட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. அறிகுறி மறைந்துவிடும். அது மட்டுமல்ல, வலி தெரியாத குதிரை கீறல் விட்ட எலும்பின் மேல் முழு எடையையும் போடும்.

இரண்டு முன்னங்கால்களையும் முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கும் குதிரையை "இடுப்புப் பிடிப்பு, நடக்கவிட்டால் சரியாகும்" என்று நடத்துகிறவர்கள் உண்டு. களத்தில் அவிழ்த்துக்கொண்டு போய் நெல்லையோ அரிசியையோ வாரித் தின்ற குதிரைக்கு வரும் லாமினைடிஸ் அது. குளம்புக்குள் எலும்பைத் தாங்கும் பிடிப்பே விட்டுப்போகும் நோயில், ஒவ்வோர் அடியும் அதை இன்னும் கிழிக்கும். தானியத்தை நிறுத்தி, தடிமனான மணலிலோ வைக்கோலிலோ நிறுத்தி, ஐஸ் தண்ணீரில் குளம்புகளைக் குளிரவையுங்கள். தானியம் தின்றது தெரிந்தாலே, நொண்டும்வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. எக்ஸ்ரே தேவைப்பட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்கலாம். பேசும்போது ஆசனவாய் வெப்பநிலையைச் சொல்லுங்கள் (ஓய்வில் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரி), கடைசியாக லாடம் அடித்த தேதி, நேற்றுத் தின்றது, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட ஊசி உட்பட.