ஸென் பிவி கெஸ்ட்டுக்குள் கிரப்பை இயக்குவது எப்படி

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாமான் அறையில் ஒரு பழைய சர்வர் ஓடுகிறது. அதில் டெபியன் லினக்ஸும், ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஸென் ஹைப்பர்வைசரும் நிறுவி, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகளுக்கு ஒரு பிவி மெய்நிகர் கணினியை (வன்பொருளை முழுதாகப் போலச் செய்யாமல், ஸென்னோடு ஒத்துழைக்கும் கெர்னலுடன் ஓடும் வகை) ஒதுக்கியிருந்தேன். இத்தகைய மெய்நிகர் கணினி கெஸ்ட், அதைத் தாங்கும் சர்வர் ஹோஸ்ட். ஓர் இரவு அவள், "சித்தப்பா, கெர்னல் அப்டேட் பண்ணி ரீபூட்டும் பண்ணிட்டேன், ஆனா ஃபயர்வால் மட்டும் வரமாட்டேங்குது" என்றாள். கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், பதிப்பைக் கேட்டுப் பார்த்தால் பழைய எண்ணே வந்தது. ஃபயர்வாலுக்குத் தேவையான, அந்த எண்ணுக்குரிய மாட்யூல்களோ (கெர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துணைக்கூறுகள்), இனித் தேவையில்லை என்று அவள் கணினியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. காரணம் எளியது. அவளுடைய கெர்னல் அவள் வட்டில் இருந்து வரவில்லை. ஹோஸ்ட்டில் நான் வைத்திருந்த பிரதியிலிருந்தே ஒவ்வொரு முறையும் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தது. எந்தக் கெர்னலில் இயங்குவது என்பதை கெஸ்ட்டின் உரிமையாளரே முடிவு செய்ய வேண்டும் என்றால், கெர்னலைத் தேர்ந்து ஏற்றும் பூட்லோடர், இங்கே கிரப், கெஸ்ட்டுக்குள்ளேயே ஓட வேண்டும்.

சாதாரண கணினியில் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருள் முதலில் எழுந்து கிரப்பைத் தேடி ஏற்றுகிறது. பிவி கெஸ்ட்டில் இவை இரண்டும் கிடையா. ஹோஸ்ட்டின் கருவிகள் ஒரு கெர்னல் கோப்பை எடுத்து, கெஸ்ட்டின் நினைவகத்தில் நேராக வைத்து, அதிலிருந்து இயக்கத்தைத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே நாம் செய்யப்போவது, அந்தக் கெர்னலின் இடத்தில் ஸென்னுக்கென்றே கட்டமைக்கப்பட்ட கிரப்பை வைப்பதுதான். அந்தக் கிரப் பயாஸை அழைக்காமல், கெஸ்ட் லினக்ஸ் பயன்படுத்தும் அதே பிவி வட்டு இணைப்பின் வழியாகவே வட்டைப் படித்து, பட்டியலைக் காட்டி, தேர்ந்த கெர்னலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும். இந்த வசதி 2017-இல் வெளிவந்த கிரப் 2.02 பதிப்பிலிருந்து கிரப்பிலேயே உள்ளது.

கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

முதல் படி, கெஸ்ட்டுக்குள். கெஸ்ட் இன்னும் பழைய முறையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். ஒரு லினக்ஸ் கெர்னல் தொகுப்பையும் 'கிரப்-ஸென்' தொகுப்பையும் நிறுவுங்கள். பின்னர் /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பைத் திறந்து, லினக்ஸ் கட்டளை வரியில் 'கன்சோல்=எச்விசி0' என்று சேர்த்துவிடுங்கள்; இதை விட்டுவிட்டால் சில அமைப்புகளில் கெர்னல் எழுந்தாலும் உங்கள் திரையில் எழுத்து வராமல் போகலாம், பூட் ஆகவே இல்லை என்று எண்ணி ஏமாறுவீர்கள். கடைசியாக 'அப்டேட்-கிரப்' கட்டளையை இயக்கி, பட்டியல் கோப்பு உருவாகியிருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இரண்டாம் படி, ஹோஸ்ட்டில். 'கிரப்-ஸென்-ஹோஸ்ட்' தொகுப்பை நிறுவினால் /யூஎஸ்ஆர்/லிப்/கிரப்-ஸென் அடைவில் 32 பிட்டுக்கு ஒன்றும் 64 பிட்டுக்கு ஒன்றுமாகக் கிரப் கோப்புகள் கிடைக்கும். இங்கே சற்று நிதானம் தேவை. பிவி கெஸ்ட் எத்தனை பிட் என்பது அதில் முதலில் ஏற்றப்படும் கோப்பினாலேயே தீர்மானிக்கப்படுகிறது, பின்னால் மாற்ற இயலாது. 64 பிட் கிரப்பைக் கொண்டு 32 பிட் கெர்னலை எழுப்ப முடியாது. புதிதாகத் தொடங்குவோர் 64 பிட்டையே எடுங்கள், ஏனெனில் 32 பிட் பிவி கெஸ்ட் ஆதரவு லினக்ஸ் 5.9 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

மூன்றாம் படி, கெஸ்ட்டின் அமைப்புக் கோப்பு. /ஈடிசி/ஸென் அடைவில் உள்ள அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, 'கெர்னல்' வரியில் மேற்சொன்ன 64 பிட் கிரப் கோப்பின் முழுப் பாதையைத் தாருங்கள். 'ராம்டிஸ்க்', 'ரூட்', 'எக்ஸ்ட்ரா' வரிகளையும், இருந்தால் 'பூட்லோடர்' வரியையும் நீக்குங்கள்.

அந்தப் 'பூட்லோடர்' வரியில் பெரும்பாலும் 'பைகிரப்' என்றிருக்கும். அதுவும் கெஸ்ட்டின் கெர்னலைத்தான் எடுத்துத் தருகிறது என்றாலும், கெஸ்ட்டின் வட்டை ஹோஸ்ட்டில் அமர்ந்து படிக்கிறது. வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட ஒரு கோப்பு முறைமையைக் கொண்டு ஹோஸ்ட்டையே தாக்க இது வழி திறக்கும். 2023 அக்டோபரில் ஸென் திட்டம் வெளியிட்ட 443-ஆம் பாதுகாப்பு அறிவிப்பு இத்தகைய பிழைகளைப் பற்றியதே. நம் முறையில் வட்டைப் படிப்பது கெஸ்ட்டுக்குள் ஓடும் கிரப் என்பதால், அது தடுமாறினாலும் பாதிப்பு அந்தக் கெஸ்ட்டோடு நிற்கும். பிறருக்கு இடம் கொடுப்போர் பைகிரப்பைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இனி கெஸ்ட்டை முழுமையாக நிறுத்திவிட்டு, 'எக்ஸ்எல் கிரியேட்' கட்டளையை 'சி' விருப்பத்துடன் இயக்குங்கள். கன்சோலில் கிரப் எழுந்து, கெஸ்ட்டின் வட்டில் /பூட்/ஸென் அடைவில் அதற்கென்று சொந்தக் கிரப் இருந்தால் அதனிடம் ஒப்படைக்கும். இல்லையேல் பட்டியல் கோப்பைத் தானே படிக்கும். கன்சோலை விட்டு வெளியேற கன்ட்ரோல் விசையுடன் வலப்பக்கச் சதுர அடைப்புக்குறியை அழுத்த வேண்டும்.

பட்டியலுக்குப் பதிலாகக் கிரப்பின் கட்டளைக் குறி மட்டும் வந்தால், 'எல்எஸ்' என்று அடித்து வட்டு தெரிகிறதா என்று பாருங்கள். வட்டு தெரிந்தும் கோப்புகள் தெரியாவிட்டால் கோப்பு முறைமையைச் சந்தேகிக்கலாம்: புதிய ஈஎக்ஸ்டி4 வசதிகள் சிலவற்றை ஹோஸ்ட்டில் உள்ள பழைய கிரப் அறியாது. பூட்டுக்கென்று சிறிய ஈஎக்ஸ்டி2 பகிர்வு ஒன்றைத் தனியே வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

எல்லாம் சரியாக அமைந்தபின் அண்ணன் மகளை மீண்டும் ரீபூட் செய்யச் சொன்னேன். 'யூநேம்' கட்டளையை 'ஆர்' விருப்பத்துடன் அடித்ததும், அவள் நிறுவிய புதிய கெர்னலின் எண் வந்தது, ஃபயர்வாலும் எழுந்தது.