பாழ்நிலத்தை மீட்கிறீர்களா? கன்று வாங்குவதைக் கடைசியில் வையுங்கள்

எல்லாரும் சேர்ந்து ஒரு பாழ்நிலத்தை மீட்கக் கிளம்பினால் முதல் வாரமே கன்றுகள் வந்து இறங்கிவிடும். போட்டோவும் எடுத்தாகிவிடும். அடுத்த கோடையில் பாதி காய்ந்து நிற்கும். அந்த அவசரம் வேண்டாம்.

முதலில் நிலத்துக்கு உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அப்புறம் சில நாள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள்: யார் குறுக்கே நடந்து போகிறார்கள், யார் ஆடு மேய்க்கிறார்கள், பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று. அவர்கள் வழியை அடைத்து வேலி போட்டால் முதலில் போவது அந்த வேலிதான். அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நடைபாதையை விட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

அங்கே முன்பு ஆலையோ பட்டறையோ குப்பைமேடோ இருந்ததா என்று வயதானவர்களிடம் கேளுங்கள். இருந்திருந்தால் ஆய்வகத்தில் மண்ணைச் சோதிக்காமல் கை வைக்க வேண்டாம். செடி வைத்தால் எல்லா நஞ்சும் போய்விடும் என்பார்கள், நம்பாதீர்கள். ஈயம் மட்கிப்போகிற பொருள் இல்லை.

அடுத்தது தண்ணீர். சரிவான நிலமென்றால் மழைநீர் ஓடிவிடாமல் நிற்க, சம உயரத்தில் வாய்க்கால் வெட்ட வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரே நீளமுள்ள இரண்டு கம்புகளை உச்சியில் கட்டி, கீழே கால்போல விரித்து, நடுவில் ஒரு குறுக்குச்சட்டம் வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். தரையில் நிறுத்தி நூல் சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறியுங்கள், ஒரு கால் நின்ற இடத்தில் மறு கால் வரும்படி திருப்பி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் சரியாக நடுவில் நூல் நின்றால் அந்த இரண்டு கால்களும் ஒரே மட்டம். இப்படியே ஒரு காலை ஊன்றி மறு காலைத் திருப்பித் திருப்பிக் கோடு போட்டுக்கொண்டே போகலாம். வெட்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் கரையாகப் போடுங்கள்.

ஒரு மழைக்காலம் பொறுத்தால் எது தானாகத் துளிர்க்கும் என்று நிலமே சொல்லும். நைஜர் நாட்டில் 1980-களில் உழவர்கள் பெரிதும் நம்பியது புதுக் கன்றுகளை அல்ல, வயலில் உயிரோடு கிடந்த அடிக்கட்டைகளைத்தான். துளிர்களில் திடமான சிலவற்றை விட்டு மற்றதைக் கழித்து வளர்த்தார்கள். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் வறட்சியைத் தாங்கும், செலவும் குறைவு. உங்கள் நிலத்திலும் முதலில் அடிக்கட்டைகளைத் தேடிப் பாருங்கள், ஆனால் அயல் களைமரமா என்று பார்த்துவிட்டு வளருங்கள்.

சரி, இடைவெளிகளில் மட்டும் அந்த மண்ணுக்கே உரிய கன்றுகளை, மழை தொடங்கியதும் நடுங்கள். சருகு மூடாக்கு போடும்போது தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், அழுகும். தண்ணீர் ஊற்றும் முறையை வீட்டுக்கு வீடு பெயர் போட்டுப் பிரித்துவிடுங்கள். 'எல்லாரும் பார்த்துக்கலாம்' என்று விட்டால் இரண்டாம் கோடையில் குடத்தோடு நிற்பது நீங்கள் ஒருவர்தான்.