இடுப்பின் வெளிப்பக்க வலி: நிற்கும் விதத்தை மாற்றியதும் குறைந்தது

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு ஷிப்ட் முழுக்க நிற்கிற வேலை. அசந்தால் ஒரு காலில் பாரம் போட்டு, இடுப்பை ஒருபக்கம் தள்ளி நிற்போம். எனக்கு வலி வந்தது அதனால்தானுங்க. தொடையின் வெளிப்பக்கம் கைக்குத் தட்டுப்படுகிற எலும்பு மேட்டில். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே முடியாது.

இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள் பந்து மாதிரி. அது தேய்ந்தால் வலி பெரும்பாலும் கவட்டியில் தெரியும். வெளி மேட்டில் ஒட்டியிருப்பது பிட்டத் தசையின் நாண், அதாவது தசையை எலும்போடு கட்டிவைக்கிற கயிறு மாதிரியான நார். ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடிப்பது அந்தத் தசைதான். அப்போது மூட்டில் விழும் சுமை உடல் எடையைப் போல சுமார் 2.5 மடங்கு. இடுப்பைத் தள்ளி நின்றால் நாண் எலும்போடு நசுங்கும்.

முதலில் நசுங்குவதை நிறுத்தினேன். இரண்டு காலிலும் சமமாக நிற்பது, கால்மேல் கால் போடாமல் உட்காருவது, வலியில்லாத பக்கம் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தடித்த தலையணை. காலைக் குறுக்கே இழுத்து நீட்டுகிற பயிற்சி வேண்டவே வேண்டாம், அதுவும் நசுக்கத்தான் செய்யும்.

பிறகு மல்லாந்து, முழங்காலுக்குச் சற்று மேலே துண்டைக் கட்டி, தொடைகளை வெளியே மெல்லத் தள்ளி 30 விநாடி. 5 முறை, தினம் இருவேளை. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் விசையைக் குறைக்கணும். நடக்கத் தடி வேண்டுமென்றால் வலிக்காத பக்கத்துக் கையில்.

தேற மாதக்கணக்கில் ஆகும். விழுந்து கால் ஊன்ற முடியவில்லை, காய்ச்சலோடு வலிக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போயிருங்க.