கம்ப்ரெசரில் ஒரு மீட்டர் மாட்டி, வீணாகும் மின்சாரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆலையில் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும் என்றதும் பெரிய மென்பொருள் வாங்கத்தான் பலரும் கிளம்புகிறார்கள். அதற்கு முன், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரெசர் ஒன்றை மட்டும் அளந்து பாருங்கள். பராமரிப்பு சரியில்லாத ஆலைகளில் அழுத்தக் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே போய்விடும். மற்ற இயந்திரங்களின் இரைச்சலில் அந்தச் சீறல் யார் காதிலும் விழாது. மீட்டரில் விழும்.

வேண்டியவை: மோட்பஸ் (கருவிகள் எண்களைப் பரிமாறிக்கொள்ளும் முறை) வசதியுள்ள மூன்று ஃபேஸ் எனர்ஜி மீட்டர், மூன்று சிடி (கேபிளைச் சுற்றி மாட்டி கரண்டை அளக்க உதவும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்), யூஎஸ்பியிலிருந்து மீட்டரின் ஆர்எஸ்-485 கம்பி இணைப்புக்கு மாற்றும் கன்வெர்ட்டர், ஒரு ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கணினி). அந்த ராஸ்பெர்ரி பையில் நோட்-ரெட் (மீட்டரைப் படிக்க), இன்ஃப்ளக்ஸ்டிபி (எண்களைச் சேமிக்க), கிராஃபானா (வரைபடமாகக் காட்ட) மூன்று மென்பொருளையும் நிறுவிக்கொள்ளுங்கள். வைஃபை மீட்டர் வேண்டாம் என்பேன். இரும்புப் பேனலுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். கம்பியை ஒருமுறை இழுத்துவிட்டால் பிறகு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. மெமரி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள், ஓயாமல் எழுதினால் கார்டு சீக்கிரம் போய்விடும்.

படி 1: சிடி மாட்டுவது

என்னை ஒரு வாரம் அலைக்கழித்த இடம் இது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து மட்டுமே செய்யுங்கள். கேபிளில் கரண்ட் ஓடும்போது 5 ஆம்பியர் சிடியின் இரண்டு முனைகளும் திறந்து கிடந்தால் அங்கே உயிரைப் பறிக்கும் அளவு வோல்டேஜ் உருவாகும்.

37 கிலோவாட் மோட்டார் என்றால் முழுச் சுமையில் சுமார் 67 ஆம்பியர் எடுக்கும். 100/5 சிடி (100 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்துத் தருவது) போதும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரைக் குறைந்த கரண்டில் கிளப்பும் கருவி) இருந்தால் ஸ்டார்ட்டருக்கு முன்னால் வரும் கேபிளில் மாட்டுங்கள். ஸ்டார்ட்டரைத் தாண்டி மோட்டாருக்குப் போகும் ஆறு கம்பிகளில் ஒவ்வொன்றிலும் லைன் கரண்டில் 58 சதவீதம்தான் ஓடும்.

நான் மாட்டியதும் மீட்டரில் வோல்டேஜ் சரியாக வந்தது, மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் சரியாக வந்தது, ஆனால் மொத்தக் கிலோவாட் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. மீட்டர்தான் பழுது என்று நினைத்து மாற்றியும் பார்த்தேன், அதே கதை. ஆர் ஃபேஸ் சிடியையும் ஒய் ஃபேஸ் சிடியையும் இடம் மாற்றி மாட்டியிருந்தேன். மூன்று ஃபேஸிலும் சமமான சுமை இருக்கும்போது இரண்டு சிடி இடம் மாறினால் கூட்டுத்தொகை கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வரும். ஒரு சிடி மட்டும் தலைகீழாக இருந்தால் உண்மையான அளவில் மூன்றில் ஒரு பங்கு காட்டும். இதுதான் மோசம், ஏனென்றால் அந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. ஆகவே மொத்தத்தை மட்டும் பார்க்காமல், கம்ப்ரெசர் லோடில் (காற்றை அழுத்தித் தந்துகொண்டு) ஓடும்போது மூன்று ஃபேஸின் கிலோவாட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்றும் நேர்க்குறியில், ஏறக்குறைய சமமாக, 0.8க்கு மேல் பவர் ஃபேக்டரோடு (எடுக்கும் கரண்டில் எவ்வளவு பயனுள்ள வேலைக்குப் போகிறது என்ற அளவு) இருக்க வேண்டும். அது வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: எண்களைப் படிப்பது

நோட்-ரெடில் மோட்பஸ் நோடு போட்டு 5 நொடிக்கு ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். 15 நிமிடச் சராசரி இந்த வேலைக்கு உதவாது, லோடு-அன்லோடு (காற்று தராமல் சும்மா ஓடுவது அன்லோடு) ஏற்ற இறக்கமெல்லாம் அதில் கரைந்துவிடும்.

மீட்டர் கையேட்டில் ரெஜிஸ்டர் (எண் இருக்கும் இடம்) 40001 என்று போட்டிருந்தால் நீங்கள் கேட்க வேண்டிய முகவரி பெரும்பாலும் 0. தசம எண் இரண்டு ரெஜிஸ்டரில் பிரிந்து வரும், வரிசை மீட்டருக்கு மீட்டர் மாறும். முதலில் வோல்டேஜைப் படியுங்கள். 230 என்ற மதிப்பு 17254, 0 என்று இரண்டு துண்டாக வரும். 0, 17254 என்று வந்தால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

படி 3: கசிவைக் கணக்கிடுவது

உற்பத்தி இல்லாத ஒரு நாளில் எல்லா வால்வும் வழக்கம்போல் திறந்திருக்க, கம்ப்ரெசரை மட்டும் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். கிராஃபானாவில் கோடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். ஏறியிருப்பது லோடு, இறங்கியிருப்பது அன்லோடு. யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோது லோடுக்குப் போகிறது என்றால் அத்தனையும் கசிவுதான். லோடு நேரத்தை இரண்டு நேரங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 90 நொடி லோடு, 210 நொடி அன்லோடு என்றால் 30 சதவீதம்.

அன்லோடில் ஓடுவதும் சும்மா இல்லை. ஸ்குரூ கம்ப்ரெசர் (திருகு போன்ற இரண்டு உருளைகளால் காற்றை அழுத்துவது) காற்றே தராமல் முழுச் சுமையில் கால்வாசி மின்சாரமோ அதற்கு மேலோகூடத் தின்னும். மதிய இடைவேளையில் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் சோப்பு நீரோடு ஒரு சுற்று வாருங்கள். குழாய் இணைப்பு, ரெகுலேட்டர், தண்ணீர் வடிக்கும் வால்வு என்று ஒவ்வொன்றாகப் பூசிப் பாருங்கள். அடைத்த பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அழுத்தம் தேவைக்கு மேல் இருந்தால் அதையும் குறைக்கலாம். 7 பார் அளவில் ஓடும் ஆலையில் 1 பார் குறைத்தால் கம்ப்ரெசர் மின்சாரத்தில் சுமார் 7 சதவீதம் மிச்சமாகும்.

படி 4: உற்பத்தி எண்ணிக்கையைச் சேர்ப்பது

தினசரி யூனிட்டுக்குப் பக்கத்தில் அன்று எத்தனை உருப்படி செய்தோம் என்பதையும் எழுதுங்கள். கையால் எழுதினாலும் போதும். இது இல்லாவிட்டால் ஆர்டர் குறைந்ததால் மின்சாரம் குறைந்ததா, வேலை செய்ததால் குறைந்ததா என்று சொல்லவே முடியாது. ஒரு மாத அளவுகளைப் புள்ளிகளாக வைத்துக் கோடு போடுங்கள். உற்பத்தி பூஜ்யம் இருக்கும் இடத்தில் கோடு எத்தனை யூனிட்டைத் தொடுகிறதோ, அது ஒரு உருப்படிகூடச் செய்யாமலே செலவாகும் மின்சாரம். முதலில் குறைக்க வேண்டியது அதைத்தான்.

பிறகு சேர்த்தது: வேகம் மாறும் கம்ப்ரெசரில் படிக்கட்டே தெரியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உண்மைதான், படி 3 அதற்குப் பொருந்தாது. கம்ப்ரெசரை நிறுத்திவிட்டு அழுத்தம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். தொட்டியும் குழாயும் சேர்ந்து 2 கன மீட்டர், 7 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்க 4 நிமிடம் என்றால், நிமிடத்துக்குச் சுமார் அரை கன மீட்டர் காற்று வெளியேறுகிறது. குழாயின் கொள்ளளவையும் மறக்காமல் சேருங்கள், நீளமான லைனில் அதுவே கணிசமாக இருக்கும்.